காற்றுக்குள் வளையும் ஒளி: சேலம் மலைகளைக் கடந்து இந்தியாவை அளந்த லாம்ப்டன்

சேலத்திலிருந்து நாமக்கல் போகும் நான்குவழிச் சாலையில் மே மாத மதியம் வண்டி ஓட்டியிருக்கிறீர்களா? ராசிபுரம் பக்கம் வரும்போது முன்னால் ரோட்டில் தண்ணீர் தேங்கிக் கிடப்பது போலத் தெரியும். கிட்டே போகப் போக அது தள்ளித் தள்ளிப் போகும். எதிரே வரும் லாரியின் பிம்பம்கூட அந்தத் தண்ணீரில் தலைகீழாக ஆடும். கானல் நீர் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால், அங்கே நாம் உண்மையில் பார்ப்பது வானத்தை. மேலிருந்து சாய்வாக இறங்கிய ஒளி, ரோட்டைத் தொடாமலே வளைந்து மேலேறி நம் கண்ணுக்கு வருகிறது.

அதே சமவெளியில் விடியற்காலை, தரை குளிர்ந்திருக்கும் நேரத்தில், ஒளி நேர் எதிராகக் கீழ்நோக்கி வளையும். தூரத்து மலை தன் உண்மையான உயரத்தைவிடக் கொஞ்சம் தூக்கலாகத் தெரியும். கண்ணுக்கு இந்த வித்தியாசம் பிடிபடாது. கருவிக்குப் பிடிபடும். 200 ஆண்டுகளுக்கு முன் அரை டன் எடையுள்ள ஒரு கருவியைத் தூக்கிக்கொண்டு தென்னிந்தியாவை அளக்கக் கிளம்பிய வில்லியம் லாம்ப்டனுக்கு இது பெரிய தலைவலியாக இருந்தது. மலை இருக்கிற இடம் ஒன்று, தெரிகிற இடம் ஒன்று என்றால் எதை வைத்து மேப் போடுவது?

லாரி ஏன் இழுக்கிறது?

லாம்ப்டனின் கதைக்குப் போகும் முன் ஒளி ஏன் வளைகிறது என்பதைப் பார்த்துவிடலாம். நாமக்கல் லாரி ஊர் என்பதால் உதாரணமும் லாரிதான். தார் ரோட்டில் போகும் லாரியின் இடப்பக்கச் சக்கரங்கள் மட்டும் மண்ணில் இறங்கினால் என்ன ஆகும்? இடப்பக்கம் வேகம் குறையும், வலப்பக்கம் அதே வேகத்தில் போகும். வண்டி இடப்பக்கமாக இழுக்கும். ஒளியும் அப்படித்தான். எந்தப் பக்கம் அதன் வேகம் குறைகிறதோ அந்தப் பக்கமாக வளையும்.

வெற்றிடத்தில் ஒளியின் வேகம் வினாடிக்கு 2,99,792 கிலோமீட்டர். ஒரு பொருளுக்குள் இந்த வேகம் எத்தனை மடங்கு குறைகிறது என்பதைச் சொல்வதுதான் ஒளிவிலகல் எண். பத்தாம் வகுப்பில் படித்து, பரீட்சையோடு மறந்திருப்போம். தண்ணீருக்கு 1.33. அதாவது தண்ணீருக்குள் ஒளி வினாடிக்குச் சுமார் 2,25,000 கி.மீ. மட்டுமே போகும். சாதாரணக் கண்ணாடிக்கு 1.5, அதில் 2,00,000 கி.மீ. வைரத்துக்கு 2.42, அதில் வேகம் பாதிக்கும் கீழே போய்விடுகிறது. பொருளில் இருக்கும் எலக்ட்ரான்களை ஒளி அசைக்கிறது. அசையும் எலக்ட்ரான்கள் தாங்களும் அலைகளை வெளியிடுகின்றன. எல்லாம் சேர்ந்த அலை கொஞ்சம் பின்தங்கியே நகர்கிறது. வெளியே வந்தவுடன் ஒளி பழைய வேகத்தைப் பிடித்துவிடும், களைத்துப்போவதெல்லாம் கிடையாது.

காற்றுக்கு? சுமார் 1.0003. இதைப் பார்த்ததும் ஒன்றுதானே என்று விட்டுவிடத் தோன்றும். பள்ளிக் கணக்குகளில் அப்படித்தான் விட்டுவிடுகிறோம். ஆனால், அந்த நான்காவது தசம இடத்தால் ஒளி வினாடிக்கு 80 கிலோமீட்டருக்கும் சற்று மேல் வேகம் இழக்கிறது. காற்றின் வெப்பம் ஒரு டிகிரி மாறினால் ஒளியின் வேகம் வினாடிக்குச் சுமார் 300 மீட்டர் மாறும். குளிர்ந்த, அடர்ந்த காற்றில் மெதுவாக. சூடான, லேசான காற்றில் வேகமாக.

பொதுவாகக் கீழே உள்ள காற்றுதான் அடர்த்தி. ஆகவே கீழ்ப்பக்கம் மெதுவாக, மேல்பக்கம் வேகமாகப் போகும் ஒளி தரையை நோக்கி வளைகிறது. கொதிக்கும் தார் ரோட்டில் மட்டும் தலைகீழ்: அடியில் சூடு, அதனால் அங்கே வேகம் அதிகம், ஒளி மேல்நோக்கி வளைகிறது. கானல் நீரும் தூக்கலாகத் தெரியும் மலையும் ஒரே விதியின் இரண்டு முகங்கள்.

விவசாயி மகன், சிப்பாய், கணக்குக் கிறுக்கர்

லாம்ப்டன் 1750-களில் இங்கிலாந்தின் யார்க்‌ஷையரில் ஒரு எளிய விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். ராணுவத்தில் சேர்ந்து வட அமெரிக்காவுக்குப் போனார். இப்போது கனடாவில் இருக்கும் நியூ பிரன்ஸ்விக்கில் பல ஆண்டுகள் பெரிய பதவி எதுவும் இல்லாமல் கழிந்தன. அந்தச் சும்மா இருந்த காலத்தில்தான் கணிதமும் வானியலும் நில அளவையும் தானாகவே படித்தார். இந்தியா வந்தபோது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. அவருடைய படைப்பிரிவின் தலைவர் ஆர்தர் வெல்லெஸ்லி, பின்னாளில் நெப்போலியனைத் தோற்கடித்த வெலிங்டன் பிரபு.

1799-இல் திப்பு சுல்தானுக்கு எதிரான போரின்போது ஓர் இரவு அணிவகுப்பில், படை தவறான திசையில், எதிரி முகாமை நோக்கியே போய்க்கொண்டிருப்பதை நட்சத்திரங்களைப் பார்த்துக் கண்டுபிடித்துச் சொன்னவர் லாம்ப்டன் என்று ஒரு சம்பவம் பதிவாகியிருக்கிறது. தளபதி முதலில் நம்பவில்லையாம்.

திப்பு வீழ்ந்ததும் மைசூர் கம்பெனியின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. சேலம், பாராமகால் பகுதிகள் அதற்கு முன்பே, 1792-இல் வந்துவிட்டன. பிடித்த நிலத்துக்கு வரி போட வேண்டும், படை நடத்த வேண்டும், அதற்கு மேப் வேண்டும். லாம்ப்டனின் பணிக்குப் பணம் கிடைத்தது இந்தக் காரணத்தால்தான். அறிவியல் ஆர்வத்தால் கம்பெனி கஜானா திறக்கவில்லை. ஆனால், அவர் மனசில் இருந்த திட்டம் வேறு. மேப்போடு சேர்த்து, பூமி எவ்வளவு தட்டையான உருண்டை என்பதையும் அளந்துவிட வேண்டும். அதற்கு ஒரு தீர்க்கரேகை வழியாக, தெற்கு வடக்காக, நூற்றுக்கணக்கான மைல் அளக்க வேண்டும்.

கருவிகள் வந்த கதை தனி சினிமா. 100 அடி எஃகுச் சங்கிலியும், வான்உச்சியை நோக்கும் 5 அடித் தொலைநோக்கிக் கருவியும் சீனப் பேரரசருக்குப் பரிசாகப் போனவை. அங்கே மதிக்கப்படாமல் திரும்பி, கல்கத்தாவில் விற்பனைக்கு வந்தன. பெரிய தியோடலைட் லண்டனிலிருந்து கப்பலில் வரும்போது பிரெஞ்சுக்காரர்கள் கப்பலையே பிடித்துக்கொண்டார்கள். மொரீஷியஸ் போன அந்தக் கருவி அறிவியலுக்கானது என்று தெரிந்ததும், அங்கிருந்த பிரெஞ்சு ஆளுநர் அதைச் சென்னைக்கு அனுப்பிவைத்தார்.

1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலைக்கு அருகே சமதரையில் முதல் கோட்டை அளக்கத் தொடங்கினார். சுமார் 12 கி.மீ. நீளம். 100 அடிச் சங்கிலியை ஏறத்தாழ 400 தடவை நீட்டிப் போட வேண்டும். வெயிலில் எஃகு நீளும் என்பதால் சங்கிலியை மரப்பெட்டிகளுக்குள் வைத்து, பக்கத்திலேயே வெப்பமானிகளும் வைத்தார்கள். அந்த ஏப்ரல் 10-ஐத்தான் இன்றும் தேசிய நில அளவை தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

அந்த ஒரு கோட்டின் நீளம் தெரிந்தால் போதும். இரு முனைகளிலிருந்தும் தூரத்து மலையைப் பார்த்து, கோணத்தை மட்டும் அளந்தால் முக்கோணத்தின் மற்ற இரண்டு பக்கங்களும் கணக்கில் வந்துவிடும். அந்தப் பக்கத்தை வைத்து அடுத்த முக்கோணம். இப்படியே மலைக்கு மலை தாவிக்கொண்டே போகலாம். சென்னையிலிருந்து மங்களூர் வரை தாவி முடித்தபோது, பழைய மேப்புகளில் சுமார் 400 மைல் என்றிருந்த தீபகற்பத்தின் அகலம் 360 மைல்தான் என்று தெரிந்தது. 40 மைல் நிலம் காகிதத்திலிருந்து காணாமல் போனது. நிதி அதிகாரிகளுக்கு இதெல்லாம் வீண் செலவாகப் பட்டது. ஸ்ரீரங்கப்பட்டணம் போக வேண்டும் என்றால் பல்லக்குத் தூக்கிகளிடம் சொன்னால் போதாதா என்பது அவர்களில் ஒருவருடைய வாதம்.

சங்ககிரி உச்சியில் 25 மீட்டர்

பெங்களூரிலிருந்து தெற்கே கன்னியாகுமரி வரை போன முக்கோணச் சங்கிலி சேலம், கோவை வட்டாரங்கள் வழியாக இறங்கியது. லாம்ப்டன் தேர்ந்தெடுத்தது 78 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையை ஒட்டிய பாதை. இன்றைய மேப்பில் பார்த்தால் அந்தக் கோடு சேலம் நகருக்குக் கொஞ்சம் மேற்கே, திருச்செங்கோட்டுக்குக் கிழக்கே, பரமத்தி வேலூரை உரசியபடி இறங்குகிறது. நில அளவையாளருக்கு இதைவிட நல்ல பூமி கிடைக்காது. சமவெளி, அதில் ஆங்காங்கே நிமிர்ந்து நிற்கும் தனிக்குன்றுகள், ஓரத்தில் சேர்வராயன், கொல்லிமலை. ஒன்றிலிருந்து பார்த்தால் இன்னொன்று தெரியும்.

ஆனால், தூரம் அதிகமாக அதிகமாகக் காற்றின் விளையாட்டும் அதிகம். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சங்ககிரி மலைக்கோட்டை உச்சியிலிருந்து சேர்வராயன் உச்சியை நோக்குவதாக வைத்துக்கொள்வோம். இடைத்தூரம் 50 கி.மீ.க்கும் அதிகம், 50 என்றே எடுத்துக்கொள்வோம். பூமி உருண்டை என்பதால் அந்தத் தூரத்தில் மலை சுமார் 200 மீட்டர் கீழே இறங்கியிருக்கும். இது பூமியின் வளைவு, மாறாதது, சுலபமாகக் கழித்துவிடலாம். அதோடு காற்றில் ஒளி கீழ்நோக்கி வளைவதால் மலை சுமார் 25 மீட்டர் உயர்ந்து தெரியும். எட்டு மாடிக் கட்டடத்தின் உயரம். இதைத்தான் கழிக்க முடியாது, ஏனென்றால் அது நிலையானது இல்லை. காலையில் ஒரு அளவு, தரை காய்ந்த பிறகு ஒரு அளவு, மழை நின்ற மாலையில் இன்னொரு அளவு.

மேப்பில் ஊர்களின் இருப்பிடத்தை இது பெரிதாகப் பாதிக்காது. ஒளி வளைவது பெரும்பாலும் மேல்கீழாகத்தான். பக்கவாட்டுக் கோணங்கள் தப்பித்துவிடும். அடி வாங்குவது உயரங்கள். உயரம் தப்பானால், மலைக்கு மலை அளந்த தூரத்தைக் கடல்மட்டத்துக்குக் கொண்டுவரும் கணக்கும் தப்பாகும். ஒரு மலையில் விழுந்த பிழை அடுத்த மலைக்குத் தொற்றும். கடன் மேல் வட்டி மாதிரி.

லாம்ப்டன் இதற்குக் கண்டது பொறுமையான வழி. இரண்டு மலைகளில் ஒன்றிலிருந்து மற்றதைப் பார்க்க வேண்டும், பிறகு அங்கே போய் இதைத் திரும்பிப் பார்க்க வேண்டும். இங்கிருந்து பார்க்கும்போது அது எவ்வளவு தூக்கித் தெரிகிறதோ, அங்கிருந்து பார்க்கும்போது இதுவும் ஏறத்தாழ அவ்வளவே தூக்கித் தெரியும். இரண்டையும் ஒப்பிட்டால் காற்று செய்த பிழை தனியே கழன்று வந்துவிடும். ஒரே நேரத்தில் இரு முனையிலும் பார்க்க முடிந்தால் பிரமாதம். அவரிடம் இருந்ததோ ஒரே ஒரு பெரிய தியோடலைட். ஆகவே இரண்டு பார்வைகளுக்கும் இடையில் நாட்கள் கடந்துவிடும்; அதற்குள் காற்று மாறியிருக்கும். முழுத் தீர்வு இல்லை, கைக்கு எட்டிய தீர்வு. ஆனாலும் சென்னைக் கடலில் தொடங்கி, மலைமலையாக ஏறி இறங்கி மேற்குக் கரைக் கடலைத் தொட்டபோது, 360 மைலுக்குப் பிறகு உயரத்தில் வந்த பிழை பத்து அடிகூட இல்லை.

அவருடைய உதவியாளர் ஜான் வாரன், பிறப்பால் பிரெஞ்சுக்காரர், 1804-இல் மைசூர் நாட்டில் இந்த வளைவை மட்டுமே ஆராயத் தனியாகச் சோதனைகள் செய்தார். முடிவுகள் கல்கத்தா ஏசியாட்டிக் சொசைட்டியின் இதழில் வந்தன. காற்று ஒளியை வளைப்பது ஐரோப்பாவுக்குப் பழைய செய்தி. ஆனால், அங்கே போட்ட அட்டவணை தக்காண வெயிலுக்குப் பொருந்தும் என்று அவர்கள் சும்மா நம்பிவிடவில்லை. இந்த ஒரு விஷயத்துக்காகவே வாரனின் பெயரை இன்னும் நிறையப் பேர் தெரிந்துவைத்திருக்கலாம்.

நட்சத்திரங்களிலும் இதே ஜாக்கிரதை. ஓர் இடத்தின் அட்சரேகையை நட்சத்திரத்தின் கோணத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அடிவானத்தில் இருக்கும் நட்சத்திரத்தின் ஒளி காற்றைச் சாய்வாகக் கிழித்து வருவதால் அரை டிகிரிக்கும் மேல் வளைந்துவிடும். நேர் தலைக்கு மேலே இருப்பதன் ஒளி செங்குத்தாக இறங்குகிறது. லாரியின் இரண்டு பக்கச் சக்கரமும் ஒரே நேரத்தில் மண்ணில் இறங்குகிற மாதிரி. வேகம் குறையும், ஆனால் எந்தப் பக்கமும் இழுக்காது. அதனால்தான் சீனாவிலிருந்து திரும்பிய அந்த வான்உச்சிக் கருவி அவருக்குப் பொக்கிஷம். உச்சிக்கு அருகே கடக்கும் நட்சத்திரங்களை மட்டும் அதில் இரவுக்கு இரவு பார்த்தார்.

காரணம் தெரியாமலே

இத்தனை கவனமாக ஒளியின் வளைவைக் கழித்த மனிதருக்கு, அது ஏன் வளைகிறது என்பதற்கு உறுதியான பதில் தெரியாது. அவருக்கு மட்டும் இல்லை, அன்று உலகில் யாருக்கும் தெரியாது.

இரண்டு கட்சிகள் இருந்தன. ஒளி என்பது துகள்கள். அடர்ந்த பொருள் அவற்றை இழுப்பதால் அதற்குள் அவை இன்னும் வேகமாகப் போகும் என்றார் நியூட்டன். ஒளி ஓர் அலை. அடர்ந்த பொருளில் வேகம் குறையும் என்றார் ஹைகன்ஸ். ஒன்றுக்கொன்று நேர் எதிர். ஆனால், வளைவு எவ்வளவு என்று கணக்குப் போட்டால் இரண்டும் ஒரே விடையைத் தரும். ஆகவே மலை உச்சியில் எத்தனை வருஷம் தியோடலைட்டைத் திருப்பினாலும் யார் சரி என்று சொல்ல முடியாது. வேகத்தையே நேரடியாக அளந்தால்தான் தெரியும். பிரிட்டனில் அன்று நியூட்டனின் பேச்சுக்குத்தான் மரியாதை. கணக்கு சரியாக வந்ததால் லாம்ப்டனின் வேலை நிற்கவில்லை.

வேலை நின்றது வேறு ஒரு காரணத்தால். 1808-இல் தஞ்சாவூர்ச் சமவெளிக்கு வந்தபோது மலை என்று எதுவும் இல்லை; கோயில் கோபுரங்கள்தான் உயரம். பெரிய கோயில் என்று சொல்லப்படும் அந்த இடத்தில் தியோடலைட்டைக் கயிறு கட்டி மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதியது. கோணம் அளக்கும் மூன்றடிப் பித்தளை வட்டம் நசுங்கிக் கோணலானது. புதிது வாங்க வேண்டுமானால் லண்டனிலிருந்து வர வேண்டும், ஆண்டுக்கணக்கில் ஆகும். யாரையும் உள்ளே விடாமல் ஆறு வாரம் கூடாரத்துக்குள் உட்கார்ந்து, ஆப்பும் திருகாணியும் வைத்து, தலைமுடி அகலம் தலைமுடி அகலமாக வட்டத்தை மறுபடி வட்டமாக்கினார் லாம்ப்டன். அந்தக் கருவியை வைத்துக்கொண்டே 1809-இல் பாளையங்கோட்டை வரை போனார். பிறகு வடக்கே திரும்பினார்.

அவர் ஒற்றை ஆள் இல்லை. கருவியைச் சுமந்தவர்கள், மலை உச்சியில் மரம் வெட்டியவர்கள், கொடி பிடித்துப் பல நாள் காத்திருந்தவர்கள் எல்லாம் இந்த மண்ணின் ஆட்கள். காற்று தெளிவாக இருப்பது மழைக்காலத்தை ஒட்டித்தான் என்பதால் வேலையும் அப்போதுதான் நடக்கும். காட்டுக் காய்ச்சலும் அப்போதுதான் வரும். செத்தவர்கள் பெயர் எந்த மேப்பிலும் இல்லை.

லாம்ப்டன் 1823 ஜனவரியில், எழுபது வயதை ஒட்டி, ஹைதராபாத்திலிருந்து நாக்பூர் போகும் வழியில் ஹிங்கன்காட்டில் இறந்தார். இன்றைய மகாராஷ்டிரத்தில் இருக்கிறது அந்த ஊர், கல்லறையும் அங்கேதான். அதற்குள் 1,65,000 சதுர மைலுக்கும் மேல் முக்கோணங்களால் மூடியிருந்தார். தெற்கு வடக்காகப் பத்து டிகிரி அட்சரேகை அளந்திருந்தார். மீதியை முடித்தவர் உதவியாளர் ஜார்ஜ் எவரெஸ்ட். உலகம் ஞாபகம் வைத்திருப்பது அந்த உதவியாளர் பெயரைத்தான்.

ஒளியின் வேக வழக்கில் தீர்ப்பு வந்தது 1850-இல், லாம்ப்டன் இறந்து 27 ஆண்டுகள் கழித்து. பாரிஸில் ஃபூக்கோ, வேகமாகச் சுழலும் கண்ணாடியை வைத்து, காற்றிலும் தண்ணீர் நிரம்பிய குழாயிலும் ஒளியை ஓடவிட்டார். தண்ணீரில் மெதுவாகப் போனது. ஹைகன்ஸ் கட்சி ஜெயித்தது.

கிட்டத்தட்ட அதே நேரத்தில், லாம்ப்டன் தொடங்கிய அளவையின் அடுத்த தலைமுறை இமயமலை அடிவாரச் சமவெளியில் நின்று, 160 கி.மீ.க்கும் அப்பால் இருந்த பதினைந்தாம் எண் சிகரத்தை அளந்துகொண்டிருந்தது. அவ்வளவு தூரத்தில் காற்றின் வளைவு நூற்றுக்கணக்கான அடி. ராதாநாத் சிக்தார் போன்ற கணக்கர்கள் அதைக் கழிக்கவே பெரும்பாடு பட்டார்கள். 1856-இல் அறிவித்த உயரம் 29,002 அடி, அதாவது சுமார் 8,840 மீட்டர். 2020-இல் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்தது 8,848.86 மீட்டர்.

இன்று ஜிபிஎஸ் செயற்கைக்கோள் நேர் தலைக்கு மேல் இருந்தாலும், கீழ்க்காற்று அதன் சிக்னலைத் தாமதப்படுத்துவதால் தூரக் கணக்கில் இரண்டு மீட்டருக்கு மேல் பிழை வரும். அதைத் திருத்தித்தான் துல்லியமான இருப்பிடம் கிடைக்கிறது. நாமக்கல் பைபாஸில் முக்காலியில் டோட்டல் ஸ்டேஷன் கருவியை வைத்துக்கொண்டு ஆட்கள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது ஒளியை அனுப்பி, திரும்பி வரும் நேரத்தை வைத்துத் தூரம் சொல்லும் கருவி. காலையில் ஆன் செய்ததும் அன்றைய வெப்பநிலையையும் காற்றழுத்தத்தையும் அதில் பதிய வேண்டும். ஒரு டிகிரி தப்பாகப் போட்டால் கிலோமீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் பிசகும். மதியம் வெயில் ஏறியதும் மறுபடி மாற்றிப் போட வேண்டும்.